பெல்ட்டின் மேல் விரல்கள்

அநியாயம் நடந்தது என் அப்பாவுக்கு. ஓய்வுபெற்ற ஹவில்தார் கஜபதி. வடக்கே ஒரு மலை உச்சியில், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல் அவருடைய இடது காதைக் கொண்டுபோனது. அது போரில் போன காது இல்லை, வயதாகிப் போன காது என்று ஓய்வூதிய அலுவலகம் எழுதியது. அதனால் போர்க்காயத்துக்கான ஓய்வூதியம் கிடையாது, காயப் பதக்கமும் கிடையாது. சரி, நான் கேட்கிறேன், ஒரு மனிதருக்கு ஒரு பக்கம் மட்டும் வயதாகுமா? வலது காது வாலிபமாக இருக்கும்போது இடது காது மட்டும் தடி ஊன்றுமா? இந்தக் கேள்வியை ஹாஸ்டல் குளியலறையில் கேட்டிருக்கிறேன், மின்சார ரயிலில் நின்றுகொண்டு ஜன்னல் கம்பியிடம் கேட்டிருக்கிறேன், எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ‘நலன்புரி அரசு’ பாடத்தின் நடுவே எழுந்து கேட்டு, பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆகியிருக்கிறது. கேட்க வேண்டிய இடத்துக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன், இங்கே நான் வாயே திறக்கக் கூடாது. தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில், வழவழத்துப்போன மர பெஞ்சில், அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் திலகவதி மேடம் உள்ளே போகும்போது விரலை ஆட்டிவிட்டுப் போனார்: “பூனம், நீ பார்வையாளர். பார்வை மட்டும்தான்.” காலையில் அம்மா போனில் அதையே வேறு மாதிரி சொன்னாள்: “அடியே, அங்கப் போயி கத்தி கித்தி வச்ச, வந்ததும் வாயில சூடுதான்.” எத்தனை பட்டிமன்றக் கோப்பை வாங்கி என்ன, என் வீட்டு வழக்கில் நான் ஒரு ஜோடிக் கண். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக் என்கிறது. டக். ‘இரு செவிகளும் இயல்பு.’ டக். அப்பாவின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக் குறிப்பில் ஒவ்வொரு வருடமும் எழுதியிருக்கிற வரி அது. இயல்பு. எதிர்த்தரப்பின் கையில் இருக்கிற ஒரே கத்தி. இயல்பான காது எப்படிப் போரில் போயிருக்க முடியும்? டக்.

வலது பக்கம் உட்காருவது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. நடக்கப் பழகியபோதே அந்தப் பக்கமாகத்தான் பழகியிருப்பேன். பேருந்தில், கல்யாணப் பந்தியில், மருத்துவமனையில், அப்பாவுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் சுவர் அல்லது தூண் அல்லது அதிகம் பேசாத ஒரு சொந்தக்காரர். என் குரலைப் பற்றி எல்லாருக்கும் புகார். ஏன் கத்துகிறாய், பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று என் அறைத்தோழி காதைப் பொத்துவாள். இது கத்தல் இல்லை, எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. வீட்டுக்குள் அவர் நடமாடும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு வாதம் அப்பாவின் மண்டையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கு இவ்வளவு தொண்டை வேண்டும். இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது, நான் வாங்கிய கோப்பைகளில் பாதி அந்தச் செத்த காது வாங்கியது. நன்றி, இடது காதே. ஆனால் பயமும் அதே காதில்தான் இருக்கிறது. அப்பா கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார். ஒரு முறைகூட, யாரிடமும் சொன்னதில்லை. கேட்காவிட்டால் தலையை லேசாகச் சாய்த்து, மீசைக்குள் ஒரு சிரிப்பை வைத்து, “யெஸ் சார்” என்பார். நான் ஏழாவது படிக்கும்போது தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, இடது பக்கம் நின்றுகொண்டு, உங்கள் பெண் எல்லா டீச்சரையும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று பொரிந்து தள்ளினார். அப்பா முழுக்கக் கேட்டு, “ரொம்ப சந்தோஷம் மேடம்” என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் என்னைக் கண்டிக்கவே பயந்தார்கள். அது வேடிக்கை. இங்கே அது வேடிக்கையாகாது. உள்ளே அரசுத் தரப்பு வக்கீல் இடது பக்கம் நின்று, உங்களுக்குக் காது ஓய்வுக்குப் பிறகுதானே போனது என்று கேட்டால்? யெஸ் சார். போயிற்று. இத்தனை வருட மனு, மேல்முறையீடு, அம்மா ஒவ்வொரு நிராகரிப்புக் கடிதத்துக்கும் தலைவலித் தைலம் தடவிக்கொண்ட சாயங்காலங்கள், எல்லாம் ஒரு யெஸ் சாரில் போய்விடும். “அப்பா, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. மேடம் சொன்னாங்க இல்ல?” “சொல்றேம்மா.” “எங்க, இப்ப சொல்லுங்க பாக்கலாம்.” அவர் என்னைப் பார்த்தார். கோட்டின் மார்பில் வரிசையாக இருந்த மற்ற பதக்கங்களைச் சரிசெய்துகொண்டார், பீரோவின் நாப்தலின் வாசனை வந்தது. “இன்னா பாப்பா இது, இங்க வந்து டிரில்லு வுட்டுனுகீற.” சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை தவிர எல்லாம் சொல்கிறார்.

அந்த வார்த்தை எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று இன்று காலை வரை எனக்குத் தெரியாது. காலையில் வாசல் டீக்கடையில்தான் ஜெபமணி மாமாவை முதல் முறையாக நேரில் பார்த்தேன். அப்பாவோடு ஒரே பட்டாலியன், ஒரே செக்ஷன், மார்த்தாண்டத்துக்காரர், குட்டையாக, முழங்கால் இரண்டும் வளைந்து, டீ கிளாஸை ரம் கோப்பை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு. “எடே கஜா, நீ இன்னும் சாவலியாடே?” அப்பா முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. “உன்ன வழியனுப்பிட்டுத்தான்டா போவேன்.” பிறகு மாமா என்னைப் பார்த்தார். “இதா ஒனக்க மவ? போன்ல என்னையக் கிழிச்சது இந்தப் பிள்ளையா? நம்ம சுபேதார் மேஜர்க்க கொரலுல்லா இது.” ஆமாம், கிழித்தேன். வக்கீல் மேடம் தோண்டித் துருவியதில்தான் அந்த விஷயமே வெளியே வந்தது. ‘இயல்பு’ எப்படி வந்தது என்ற விஷயம். வருடாந்திரப் பரிசோதனையில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டாக்டர் அறையின் அந்தக் கோடியிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு எண் சொல்வார், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிந்தவர்கள் எதிரே சுவரோரம் நின்று சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் பெல்ட் பூட்ட அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கிளின் மேல் இடது கையில் நாலு விரல், வலது கையில் இரண்டு விரல். நாற்பத்திரண்டு. “ஃபார்ட்டி டூ, சார்!” என்று அப்பா அறை அதிரச் சொல்லியிருக்கிறார். முடிந்ததும் மாமா உள்ளங்கையைப் பக்கிள்மேல் தட்டையாக வைப்பார். பாஸாகிவிட்டாய், கிளம்பு என்று அர்த்தம். இப்படித்தான் என் அப்பாவின் இடது காது அரசாங்கக் காகிதத்தில் வருடா வருடம் உயிர்த்தெழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே இருக்கிற எதிரியோடு வாதாடலாம். நம் பக்கத்து ஆளே நம் காலை வாரியிருந்தால் யாரோடு வாதாடுவது? டீக்கடையிலும் விடவில்லை. “நீங்க எதுக்கு மாமா விரல் காட்டினீங்க?” “காட்டாம? ஒனக்க அப்பன் எதிர நின்னு ஆட்டுக்குட்டி மாரி முழிக்கான். பாத்துட்டு சும்மா நிக்கவா சொல்லுக?” “காட்டாம இருந்திருந்தா அன்னைக்கே காது போச்சுன்னு ரெக்கார்டுல ஏறியிருக்கும். இன்னைக்கு இந்தக் கேஸே இல்ல.” “செரி. ஏறியிருக்கும். அடுத்த மாசமே பட்டாலியன விட்டுத் தூக்கி எங்கயோ ஒரு டிப்போவுல கொடவுனு காவலுக்கு வச்சிருப்பாவ. ஹவில்தார் பட்டி சட்டையில ஏறியிருக்காது. சர்வீசும் பாதியில முடிஞ்சிருக்கும்.” “அதுக்காக? இதுக்குப் பேரு மோசடி மாமா.” அவர் ஒரு மடக்கு குடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு அடுத்த நாலு பாயிண்ட் தயாராக இருந்தது. “ஆமா மக்ளே,” என்றார். “அதச் சொல்லத்தானே வந்திருக்கேன்.”

அதிலிருந்து என் வாதம் நொண்டுகிறது. தாழ்வாரத்தில் இந்த டக் டக்கின் கீழே அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறேன், நிற்க மாட்டேன் என்கிறது. மாமா இதை உள்ளே சொன்னால் நாளைக்கு அவர்மேலேயே பாயலாம், ராணுவப் பரிசோதனையை ஏமாற்றியதாக. அவருடைய பென்ஷனிலும் கை வைக்கலாம். அது அவருக்குத் தெரியும். வீட்டில் சொல்லவில்லையாம். “சிநேகிதன் வீட்டுக் கல்யாணம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தாம்பூலப் பைக்கு என்ன செய்யன்னுதான் தெரியல.” இதோ எனக்கு எதிரே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், இடுப்பில் அதே பழைய அகலப் பெல்ட், பக்கிளைப் பாலீஷ் போட்டிருக்கிறார், கல்யாணத்துக்குத்தான். இவர்மேல் கோபப்பட வேண்டும். படுகிறேன். பட்டுக்கொண்டே இருக்கும்போது இடையில் ஏதோ நழுவுகிறது. அந்த டிப்போவில் அப்பாவைப் போட்டிருந்தால். ஏதோ ஒரு கிடங்கு வாசலில், தன் ஆட்கள் யாரும் இல்லாமல், கேட்காத காதோடு. ஹவில்தார் ஆகியிருக்க மாட்டார். பாதியில் ஊருக்கு வந்திருப்பார், மெஷின் கம்பெனி செக்யூரிட்டி ஆகியிருப்பார், நான் பிளஸ் டூவோடு நின்றிருப்பேன், நலன்புரி அரசு என்ற வார்த்தையே எனக்குத் தெரிந்திருக்காது, அதை எதிர்த்து எழுந்து நின்றிருக்கவும் மாட்டேன். அப்படியானால் என் வாய், என் படிப்பு, இந்தக் கோபம்கூட, எல்லாம் பெல்ட் பூட்டத் தெரியாத மாதிரி நடித்த ஒருவரின் விரல்களிலிருந்து வந்ததா? இது வாதமா? இல்லை. மலையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று காலையில் மாமாதான் சொன்னார், அப்பா இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. ஷெல் விழுந்து மண் மூடிய குழியிலிருந்து அப்பாவை அவர்தான் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியிருக்கிறது. கீழே கொண்டுபோக ஸ்ட்ரெச்சருக்கு ஆள் போதவில்லை. வயிற்றில் துண்டு பாய்ந்த ஒரு பையனும் கால் போன ஒருவரும் கிடந்தார்கள். “நீ போறியாடேன்னு கேட்டேன். ஒனக்க அப்பன் என்ன சொன்னான் தெரியுமா? யெஸ் சார்ன்னான். எனக்கு, சாருன்னான்! அப்பத்தான் தெரிஞ்சு, இவனுக்கு ஒண்ணுமே கேக்கலன்னு.” எல்லாரும் சிரித்தார்களாம், அந்த இடத்தில், அந்த நிலையில். அப்பா எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாராம். மற்ற இருவரையும் முதலில் இறக்கட்டும் என்று, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மேலேயே இருந்துவிட்டார். கீழே போகாதவர் பெயர் காயம்பட்டவர் பட்டியலில் வராது. அந்த யெஸ் சார் அங்கே பிறந்தது. அதை நான் வீட்டில் எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். டக்.

கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டது அப்பாவுக்குக் கேட்கவில்லை, முழங்கையைத் தொட்டேன், எழுந்தார். வாசலில் நின்ற ஊழியர் அவருடைய பதக்கங்களைப் பார்த்துக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார். அதற்குக்கூட எனக்குக் கண் கலங்குகிறது, என்ன ஆயிற்று எனக்கு இன்றைக்கு, சண்டை போட வந்தவள் கதவுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுவரோரப் பெஞ்சில் இடம் கிடைத்தது. மேடையில் இரண்டு பேர், ஒருவர் முன்னாள் நீதிபதி, மற்றவர் ராணுவத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளை மீசைக்காரர். அரசு வக்கீல் மென்மையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். காயம்பட்டோர் பட்டியலில் மனுதாரர் பெயர் இல்லை. சண்டைக்குப் பிறகு எல்லாப் பரிசோதனையிலும் இரு செவிகளும் இயல்பு. இயல்பு, இயல்பு, இயல்பு, அவர் அதை முறுக்குப் பிழிகிற மாதிரி சுற்றிச் சுற்றி வைத்தார். திலகவதி மேடம் எழுந்தார். படையில் சேரும்போது இந்தக் காது நன்றாகக் கேட்டது, அது எப்போது போனது என்பதற்கு உயிருள்ள சாட்சி இருக்கிறார், அந்த இயல்பு எப்படி எழுதப்பட்டது என்பதற்கும் அவரே சாட்சி. ஜெபமணி மாமா முன்னால் போய் நின்றார். எல்லாம் சொன்னார், குழியை, பஞ்சை, பெல்ட்டை. “தப்புதான் சாப். எனக்க பென்ஷன்ல எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க.” அரசு வக்கீல் உடனே எழுந்தார்: இது நண்பருக்காக இப்போது சோடித்த கதையாக ஏன் இருக்கக் கூடாது? நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெள்ளை மீசைக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மின்விசிறிகளை நிறுத்துங்கள். ஹவில்தார், திரும்பி நில்லுங்கள். வலது காதை விரலால் மூடுங்கள்.” மேடம் சைகையில் காட்டியதும் அப்பாவின் குதிகால்கள் டப்பென்று சேர்ந்தன, மேடைக்கு முதுகு, விரல் வலது காதில். இப்போது அவருக்கு நேர் எதிரே, சாட்சி சொல்லி முடித்து ஓரமாக ஒதுங்கிய ஜெபமணி மாமா. விசிறிகள் நின்றன. கூடம் முழுக்க யாரோ தண்ணீருக்குள் அமிழ்த்திய மாதிரி அமைதி. மேடையிலிருந்து கிசுகிசுப்பாக, மூச்சு மாதிரி: “தேந்தாலீஸ்.” இந்தியில் நாற்பத்து மூன்று. நான் மாமாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருடைய கைகள், அவருக்கே தெரியாமல், இடுப்புக்குப் போயின. பாலீஷ் போட்ட பக்கிளின் மேல் நாலு விரல், மூன்று விரல். “தேந்தாலீஸ், சாப்!” என்றார் அப்பா, கூடம் அதிர.

அரசு வக்கீல் புன்னகைத்தார். என் நாக்கு பல்லுக்கிடையில் கிடந்தது. ஐயோ மாமா, ஐயோ பாவி மாமா, இத்தனை தூரம் ரயிலேறி வந்து, மோசடியை ஒப்புக்கொள்ள வந்து, அதையே மறுபடி செய்தீரே! எழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன், பெஞ்ச் கிறீச்சிட்டது, மேடம் திரும்பி முறைத்தார், உட்கார்ந்தேன். மாமா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ வேறொருவரின் கையை இடுப்பில் கண்டுபிடித்தவர் மாதிரி. முகம் வெளுத்துவிட்டது. வெள்ளை மீசைக்காரர் மட்டும் அசையவில்லை. அப்பா திரும்பி நின்றதிலிருந்தே அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “சுபேதார் ஜெபமணி,” என்றார், “கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.” கட்டிக்கொண்டார். இன்னொரு எண். என் காதுக்குத் தெளிவாக வந்தது, பதினாறு, சோலா. அப்பா நின்றார். இன்னொரு முறை, சோலா, கொஞ்சம் பலமாகவே. அப்பாவின் கண்கள் மாமாவின் வெறும் பக்கிளின் மேல் இருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மறு கை நெரித்துப் பிடித்திருக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் தாடைவரை போகிறது, துடைக்கக் கையில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்க்கிறார்கள். அந்த மலையிலிருந்து இந்தக் கூடம் வரை எப்போதும் எதிரே யாரோ இருந்திருக்கிறார்கள், விரலோடு மாமா, முழங்கையைத் தொட அம்மா, வலது பக்கம் நான். இப்போது யாரும் இல்லை. அவர் தலை லேசாகச் சாய்கிறது. மீசைக்குள் அந்தச் சிரிப்பு வருகிறது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று, வேண்டாம் அப்பா, சொல்லாதீங்க, ஒரு தடவை, எனக்காகக்கூட வேண்டாம், அந்தக் காதுக்காக. கத்தினால் கேட்கும், இந்தத் தொண்டை அதற்காகவே வளர்ந்தது. கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் கத்தவில்லை. சிரிப்பு மீசையிலிருந்து இறங்கிப் போயிற்று. உதடு இரண்டு முறை அசைந்தது. “கேக்கல, சாப்,” என்றார் அப்பா. பிறகு, யாரும் கேட்காமலேயே, சின்னக் குரலில் இன்னொரு முறை: “அந்தப் பக்கம் எனக்கு எதுவுமே கேக்காது சாப்.”

மேடையில் இரண்டு தலைகளும் சேர்ந்தன, பிரிந்தன. விசிறியை யாரும் மறுபடி போடவில்லை. வேர்க்கிறது, நன்றாக இருக்கிறது. யாரிடம் நன்றி சொல்வது என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது, மாமாவின் வளைந்த முழங்கால்களிடமா, கதவைத் திறந்து பிடித்தவரிடமா, தோற்கடிக்கிற கேள்வியைக் கேட்டு இந்த இடத்துக்குக் கொண்டுவந்த அரசு வக்கீலிடமா, அவரிடமும்தான், சொல்லிவிட்டுப் போகிறேன், என்ன குறைந்துவிடும்? நீதிபதி பேசினார். பரிசோதனைக் குறிப்புகளில் உள்ள ‘இயல்பு’ இந்தக் காதைப் பற்றியது அல்ல, இந்த இருவரைப் பற்றியது. அது எப்படி எழுதப்பட்டது என்பதை நாங்களே இப்போது கண்ணால் பார்த்தோம். அதை ஒப்புக்கொண்டதற்காகச் சாட்சியின் மேல் எந்த நடவடிக்கையும் கூடாது. மனுதாரரின் செவித்திறன் இழப்பு போர்க்காயமே. அதற்குரிய ஓய்வூதியமும் காயப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட வேண்டும். மனு ஏற்கப்படுகிறது. அப்பா இன்னும் மேடைக்கு முதுகைக் காட்டி, வலது காதில் விரலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார், யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. எதிரே இருக்கிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கைகளைப் பின்னால் கட்டியபடி, அழுதபடி, மேடையைப் பார்த்தார், அனுமதி இல்லாமல் இனி அந்தக் கைகள் அசையாது. வெள்ளை மீசைக்காரருக்குப் புரிந்தது. “கையை எடுங்கள், சுபேதார்,” என்றார். “அவருக்குச் சொல்லுங்கள்.” மாமா வலது கையை முன்னால் கொண்டுவந்து, உள்ளங்கையைப் பக்கிளின் மேல் தட்டையாக வைத்தார்.